மரத்துக்குச் சொல்கிற வார்த்தை

என் சைக்கிளுக்குப் பின் பிரேக் கிடையாது. நானே கழற்றிப் போட்டேன். மட்கார்டு, கேரியர், செயின் கவர், மணி, ஸ்டாண்டு எல்லாம் அதற்கு முன்பே போயிருந்தன. மலையேறும் பந்தயத்தில் இரும்பு எல்லாமே பாரம் என்று என் சிநேகிதன் பேபி சொல்வான். ஏறுகிறவனுக்குப் பிரேக் எதற்கு என்று நானும் கேட்டேன். ஏறினால் இறங்கவும் வேண்டும் என்பது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் "எப்படியப்பா ஆச்சு?" என்று கேட்டபோதெல்லாம் இந்தப் பிரேக் கதையைத்தான் சொன்னேன். அதற்கு மேல் சொல்லத் தெம்பில்லை. இப்போது காய்ச்சல் விட்டு, புண் ஆறி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. கடலைக்காடும் கரும்பும். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டில் பேசுவது கோயமுத்தூர்ப் பேச்சு. நான் பாலக்காட்டில் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பேபி என் வகுப்பு. மலைமேல் சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறவரின் மகன், ஆறடி உயரம், கையெல்லாம் ரோமம். பேபியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று முதல் தடவை சொன்னபோது அம்மா பால் காய்ச்சி ஆற வைத்துக் காத்திருந்தாள். வாசலில் குனிந்து நுழைந்தவனைப் பார்த்துவிட்டு, "கொழந்தை எங்கடா?" என்றாள்.

எனக்குச் சைக்கிள் பைத்தியம் பிடிக்க வைத்தது அவன்தான். மலைப்பக்கத்து ஊர்களில் திருவிழாவுக்கும் எஸ்டேட் விளையாட்டு நாளுக்கும் சைக்கிள் பந்தயம் விடுவார்கள். முதலில் முக்காலியிலிருந்து அகளிக்கு விட்டதில் ஓட்டினேன். மூன்றாவதாக வந்தேன். ஓர் எவர்சில்வர் தூக்குப்போசி கொடுத்தார்கள். அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தத்துல மாடே நாக்குத் தள்ளுது. உனக்கென்னடா வேண்டுதலா?" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் டீக்கடைக்கு அந்தத் தூக்குப்போசியில்தான் பால் வாங்கப் போனார். பால் எங்கள் வீட்டிலேயே கறக்கிறது.

சாந்தன்பாறைப் பந்தயம் தார் ரோட்டில் இல்லை. ஏலக்காட்டுக்குள் ஜீப் போகிற மண்பாதை. உருளைக்கல்லும் சேறுமாக ஓர் உச்சி வரை ஏறி, அந்தப் பக்கமாக இறங்கி, ஏலக்காய் ஸ்டோர் வாசலில் முடியும். மழை விட்ட மறுநாள். ஏறும்போது எனக்கு முன்னால் ஒருவன்தான் இருந்தான். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை. உச்சியில் அவனைத் தாண்டினேன். இறக்கத்தில் முன் பிரேக்கை நம்பினேன். சேறு ஏறிய ரிம்மில் அது பிடிக்கவில்லை. செருப்புக் காலால் டயரை அமுக்கி வேகத்தைக் குறைப்பது எங்கள் வழக்கம். வலது காலைப் பின்னால் நீட்டினேன். பாதைக்கு அடியில் தண்ணீர் போகிற ஒரு கலுங்குப் பக்கம் திரும்பியபோது கால் எங்கே சிக்கியது என்று எனக்குத் தெரியாது. எழுந்து பார்த்தபோது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஒரு புது மூட்டு இருந்தது.

பேபி என்னைத் தோளில் தூக்கி ஜீப்பில் போட்டான். பக்கத்து டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் காலைக் கழுவி, ரணஜன்னி வராமல் இருக்க ஊசி போட்டு, இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டினார். சிராய்ப்புதான், ஆனால் உள்ளே எலும்பு போய்விட்டது, கீழே இறங்கி மாவுக்கட்டுப் போடுங்கள் என்றார். நல்ல மனுஷர். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

தந்தி கிடைத்து அப்பா டாக்ஸியோடு வந்தார். போடி வழியாகப் பொள்ளாச்சி வந்து ஊருக்குத் திரும்புகிற அந்த நீளமான வழியில், என் காலைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரின்னா மூணு மாசம் கட்டிலோட கெடக்கோணும் கண்ணு. நம்ம வைத்தியரு ஒரு மண்டலத்துல நடக்க வெச்சுருவாரு. என்ற கையப் பாரு."

இடது கையை நீட்டினார். அவர் வாலிபத்தில் கிணற்று மேட்டில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது விழுந்து முறிந்த கை. முதலில் யாரோ கட்டிக் கோணலாகக் கூடிவிட்டதாம். எங்கள் பக்கத்து எலும்பு வைத்தியர் அதை மறுபடி முறித்து, நேராக்கி, வேறு கட்டுப் போட்டிருக்கிறார். "முறிச்சு மாத்திக் கட்டினாரு. இப்ப மூட்டை தூக்கறனில்ல?" என்றார். கை நேராகத்தான் இருந்தது. எனக்கும் மூன்று மாசம் படுத்துக் கிடக்க மனசில்லை. அடுத்த பந்தயம் குமுளியில் என்று பேபி சொல்லியிருந்தான். சரி என்றேன்.

வைத்தியர் காலை இழுத்து நேராக்கினார். அப்பாவின் துண்டைக் கடித்துக்கொண்டு கத்தினேன். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துத் தடவி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். இரண்டு நாள் உயிர் போகிற வலி. மூன்றாம் நாள் வலி குறைந்தது, விரல்கள் மரத்துப்போயின. "வலி நின்னுது, நல்லாச்சு" என்று அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். மறுநாள் கட்டைப் பார்க்க வந்த வைத்தியர், திண்டில் உட்காராமல், என் விரலைத் தொட்டார், மோந்து பார்த்தார். பிறகு கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக் கை கூப்பினார்.

"கவுண்டரே, இது என்ற கையில இல்லீங்க. வண்டி புடிங்க. இப்பவே."

அந்த மனுஷரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் மேல் பழி போட்டுப் பேசுகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு எலும்பை அவரிடம் கொடுத்து வாங்கியவர்கள்.

பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெதுவாக நகர்ந்து போனார்கள். நாற்றம் என் காலிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா மட்டும் நகரவில்லை. துண்டால் ஈ விரட்டிக்கொண்டே இருந்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு இரண்டாக இருந்தது. டாக்டர் அதை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் கவலை எலும்பைப் பற்றி இல்லை. ரோசம்மா என்ற நர்ஸ், எல்லாரும் ஸிஸ்டர் என்று கூப்பிடுவோம், எனக்கு நிதானமாக மலையாளத்தில் விளக்கினாள். வீங்கிய காலைக் கட்டு நெரித்துவிட்டது. ரத்தம் பாதத்துக்குப் போகவில்லை. தண்ணீர் போகாத பயிர் மாதிரி சதை செத்துவிட்டது. அதற்குக் காங்கிரீன் என்று பேர். செத்த சதை செத்தபடி கிடந்தால் பரவாயில்லை, அது அழுகி விஷமாகி மேலே ஏறும். மேலே ஏறாமல் இருக்கத்தான் வேளாவேளைக்குப் பென்சிலின் ஊசி.

டாக்டர் ஒரு பேனாவை எடுத்து, கறுப்பு முடிகிற இடத்தில் என் காலைச் சுற்றிக் கோடு போட்டார். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கோட்டைக் கறுப்பு தாண்டுகிறதா என்று பார்ப்போம் என்றார். அதிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கோடுதான் உலகம். அணையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிற மாதிரி அப்பா காலையில் எழுந்ததும் குனிந்து பார்ப்பார். முதல் நாள் கறுப்பு கோட்டின்மேல் நின்றது. அடுத்த நாள் தாண்டிவிட்டது. டாக்டர் மேலே இன்னொரு கோடு போட்டார்.

ஜெனரல் வார்டு. எனக்கு இந்தப் பக்கம் ஹெர்னியா ஆபரேஷன் செய்த ஒரு அரிசி வியாபாரி, அந்தப் பக்கம் ஜன்னல். காய்ச்சலில் பகலும் இரவும் கலந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சோடு ஆளுக்கொரு சாவுக் கதையும் கொண்டுவந்தார்கள். இதேபோல் ஒருத்தருக்கு விரலில் ஆரம்பித்ததாம், பாடை கட்டுகிறபோதுதான் நின்றதாம். ஆரஞ்சை உரித்துத் தின்றதும் அவர்களேதான். அம்மா தினமும் முதல் பஸ்ஸில் ஊரிலிருந்து ரசம்சாதம் கொண்டுவருவாள், அகளியில் ஜெயித்த அந்தத் தூக்குப்போசியில். அதை எங்கே வைத்தாலும் என் கண்ணில் படாமல் துண்டைப் போட்டு மூடிவிடுவாள். எதற்கு மூடுகிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ரசம் ஆறக்கூடாதென்றுதான் இருவரும் சொல்லிக்கொள்வோம்.

மூன்றாவது கோடு போட்ட அன்று டாக்டர் அப்பாவை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் காய்ச்சல் அதிகம், என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் களை இருந்தது.

"கண்ணு, கவலய உடு. முறிச்சு மாத்திரலாம்னுட்டாரு."

"என்னங்கப்பா?"

"காலத்தான். நம்ம வைத்தியரு கட்டினது கோணலாப் போச்சாட்ட இருக்குது. மறுபடி முறிச்சு மாத்தறாராம். நாளைக்கே பண்ணிருங்கன்னு சொல்லிப்போட்டேன். இதயே மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல?"

அம்மா சாமி கும்பிட்டாள். அப்பா தன் இடது கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, மடக்கி, நீட்டிக் காட்டினார்.

எனக்கு வேறு அர்த்தம் கேட்டது. காலேஜில் நான் பேசுவது முழுக்க மலையாளம். தமிழில் முறிவதென்றால் ஒடிவது. மலையாளத்தில் முறிப்பதென்றால் அறுப்பது. மாற்றுவதென்றால் அகற்றுவது. கால் முறிச்சு மாற்றணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சந்தை மலையாளம் தெரியும். மாட்டு விலை பேசுவார், கடலை விற்பார். அந்த மலையாளத்தில் இந்த வாக்கியம் ஒரு தடவைகூட அவருக்குத் தேவைப்பட்டதில்லை. தன் கையை வைத்து அவர் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார், சரி என்று தலையாட்டிவிட்டும் வந்தார்.

ஊசி போட ஸிஸ்டர் வந்தபோது, டாக்டர் அப்பாவிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டே, "அச்சன் பறஞ்ஞில்லே மோனே?" என்றாள். அப்பா சொல்லவில்லையா மகனே. அவள் முகத்தைப் பார்த்ததும் மேலே கேட்கவில்லை.

அம்மா சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, நாளைக்கு ஆபரேஷன் முடிந்தால் பொரட்டாசிக்குள் நடந்துவிடலாம் என்று அரிசி வியாபாரிக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அரிசி வியாபாரி மலையாளி. எல்லாம் புரிந்த முகத்தோடு போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தை நான்தான் கெடுக்க வேண்டும். கொஞ்ச நேரம், அந்தச் சாதம் தீர்கிற வரைக்குமாவது, விட்டுவைக்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

"அப்பா, போன வருஷம் நம்ம காட்டுப் புளியமரத்த வெலைக்குக் கேட்டு ஒருத்தர் வந்தாருங்களே. என்ன சொன்னாருங்க?"

"மரம் முறிக்காம்னாரு. எதுக்குடா?"

"அந்த முறிதானுங்கப்பா இது."

அவருக்கு உடனே புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அரிசி வியாபாரியைப் பார்த்தார். வியாபாரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார்.

"அது மரத்துக்குச் சொல்ற வார்த்தையாச்சேடா. மனுசன் காலுக்குப் போயி அப்படிச் சொல்லுவாங்களா?"

அம்மாவின் கை சாதத்துக்குள் அப்படியே நின்றது.

"நான் செரீன்னுட்டேனே" என்றார் அப்பா. "சிரிச்சுட்டே செரீன்னுட்டேனே."

பிறகு அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. துணிமணிகளை மூட்டை கட்டினார். ஊட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் கோயமுத்தூர் போகலாம், என் பையன் காலை ஒருத்தன் தொட்டுருவானா என்று வார்டே கேட்கக் கத்தினார். டாக்டர் வந்தார். கோபப்படவில்லை. இந்தத் தடவை கையால் காட்டித் தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். கோயமுத்தூர் தாராளமாகப் போகலாம், அவரே எழுதித் தருவார். ஆனால் இன்றோ நாளைக் காலையோ என்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்தால் போதும். அதற்கு மேலே தள்ளிப்போட்டால் முழங்காலும் போகும். அதையும் தள்ளிப்போட்டால் அவரைக் கேட்கவே வேண்டியதில்லை.

"நான் சம்மதிக்க மாட்டேன்" என்று நான் சொன்னேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். காலில்லாமல் பிழைத்துக் கிடப்பதற்குச் செத்தாலும் பரவாயில்லை என்று, அம்மா கேட்கச் சொன்னேன். பயத்தில் சொன்னதுதான், ஆனால் மனசாரச் சொன்னேன். சாந்தன்பாறை உச்சியில் முன்னால் போனவனைத் தாண்டிய அந்த ஒரு நிமிஷம் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்து என்னைக் கொன்றது.

அம்மா ஒரு உருண்டைச் சாதத்தை என் வாயில் திணித்தாள். "செத்தாப் பரவால்லைன்னு சொல்றதுக்கா உன்னைப் பெத்தேன்? தின்னு மொதல்ல" என்றாள். குரல் கடுமையாக இருந்தது. தின்றேன்.

அன்று மத்தியானம் பேபி வந்தான். என் சைக்கிளைச் சாந்தன்பாறையிலிருந்து பஸ் மேலே போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். புத்தி கெட்டவன், அதை நேராக ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கீழே வாசல் கேட்டில் சாத்தி வைத்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அந்த ஆறடி உருவம் வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதது.

அப்பாவை வெகு நேரம் காணவில்லை. சாயங்காலம் பேபிதான் வந்து சொன்னான். அப்பா கீழே சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். வலது பெடலைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். ஒரு கால் இல்லாதவன் இதை மிதிக்க முடியுமா என்று இவனைக் கேட்டாராம். முழங்கால் இருந்தால் மரக்கால் வைத்து மிதிக்கலாம், முழங்காலும் இல்லையென்றால் கஷ்டம் என்று இவன் சொன்னானாம். தெரிந்து சொன்னானா, தேற்றச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. அப்பா மறுபடியும் பெடலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாராம்.

காலையில் அப்பா குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். கோட்டைக் குனிந்து பார்த்தார். கறுப்பு அதைத் தாண்டியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் ரவுண்டுக்கு வந்ததும் எழுந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நிலத்தகராறுக்குத் தாசில்தார் முன்னால் போய் நின்றபோதுகூட அவர் துண்டை எடுத்து நான் பார்த்ததில்லை.

"முறிச்சு மாத்திருங்க" என்றார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். முந்தின நாள் அவரே சொன்ன அதே வார்த்தைகள். "மனசிலாயிட்டாணோ பறயுன்னது?" என்று மெதுவாகக் கேட்டார். புரிந்துதான் சொல்கிறீர்களா என்று.

"மனசிலாச்சுங்க. மரத்துக்குச் சொல்றதுதானுங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணும் சம்மதிக்க வேண்டாங்கண்ணு. நானே சொல்லிட்டேன். பின்னால திட்டறதுன்னா என்னயத் திட்டிக்க" என்றார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தப் பாரத்தை அவர் எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

முழு மயக்கம் கொடுக்கக் காய்ச்சல் இடம் தரவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, ஆனால் காது கேட்கும். இதை யாரும் முன்பே சொல்லவில்லை. ஒரு துணியைக் குறுக்கே கட்டி மறைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு சத்தம் ஆரம்பித்தபோது ஸிஸ்டர் ரோசம்மா என் தலைமாட்டில் குனிந்து, உரக்க, அகளிப் பந்தயத்தைப் பற்றிச் சொல் என்றாள். எத்தனை வளைவு, எங்கே ஏற்றம், யார் முதலில் வந்தது. அவளுக்குச் சைக்கிளில் என்ன அக்கறை? இருந்தாலும் சத்தம் நிற்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் முக்காலியிலிருந்து ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டு போனேன். அகளி வருவதற்குள் முடிந்துவிட்டது.

முழங்கால் தப்பியது. அதைத்தான் எல்லாரும் சொன்னார்கள், லாட்டரி விழுந்த மாதிரி.

எடுத்த காலை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படியெல்லாம் குப்பையில் போகவிட மாட்டேன் என்றாராம். ஒரு புது வேட்டியில் சுற்றி, டாக்ஸி பிடித்து, ஊருக்குக் கொண்டுபோனார். அம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை. எங்கே புதைத்தார் என்று அவளிடமும் சொல்லவில்லை, என்னிடமும் இன்றுவரை சொல்லவில்லை. எங்கள் காட்டில் எங்கோ ஓர் இடத்தில் அவர் மட்டும் வரப்பைச் சுற்றிப் போகிறார் என்று அம்மா சொல்கிறாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் மத்தியானம் எனக்குக் கால் அரித்தது. வலது கால். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், சேற்றுப்புண் அரிக்குமே, அப்படி. போர்வை முட்டிக்குக் கீழே தட்டையாகக் கிடக்கிறது, ஆனால் விரல் அரிக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்து ஸிஸ்டரைக் கூப்பிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கால் போனது நரம்புகளுக்கு இன்னும் தெரியாது, அவை பழையபடி மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும், பலருக்கும் வருவதுதான், நாள்பட்டால் குறையும் என்றாள். மருந்து ஏதாவது உண்டா என்றேன். இதற்கு மருந்தில்லை மோனே என்றாள்.

அப்பா அப்போதுதான் ஊரிலிருந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குளித்து வேட்டி மாற்றியிருந்தார், ஆனால் நகக்கண்ணில் கரிசல் மண் போகவில்லை. ஸிஸ்டர் போகிற வரைக்கும் காத்திருந்தார்.

"எங்க கண்ணு அரிக்குது?"

"பெருவெரலு சந்துலீங்கப்பா."

அந்தக் கால் எங்கே கிடக்கிறதென்று உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஸ்டூலைக் கட்டிலின் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இடது கால் எதுவரைக்கும் நீள்கிறது என்று பார்த்தார். அதற்கு நேராக வலது பக்கம் போர்வையில் ஓர் இடத்தைக் கையால் அளந்து, குனிந்து, மண் படிந்த அந்த நகங்களால் அங்கே மெதுவாகச் சொறிய ஆரம்பித்தார்.

"இங்கயா?"

"இன்னுங் கொஞ்சம் அக்கட்டாலீங்க."

கையை நகர்த்தினார்.

"இப்ப?"

"ஆமாங்கப்பா. அங்கதானுங்க" என்றேன்.